மஞ்சளுக்கு ஒரு விரல் மேலே

ஜூன் 9, திங்கள்

விதைக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரிக்கு இன்றைக்குத்தான் வேலை வந்திருக்கிறது. எழுதச் சொன்னது உலகு. "மதினி, வில்லுல எதைத் திருகுனாலும் தேதி போட்டு எழுதி வைங்க. இல்லன்னா எங்க இருந்தோம், எங்க வந்தோம்னே தெரியாமப் போயிரும்" என்றாள். அவள் இடுப்பில் எந்நேரமும் பிள்ளை. பேனா பிடிக்க ஏது கை?

உலகம்மாள் என் வீட்டுக்காரரின் தங்கை. மூன்று வருஷம் முன்பு மாவட்டத்துக்காக வில்வித்தைப் போட்டிக்குப் போனவள். அப்புறம் கல்யாணம், அப்புறம் மகிழன். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். ஏழு மாதமாக இங்கே, எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிறார்கள். பெண்களில் நான்கு பேர். ஆவணி முடிந்தால் மாப்பிள்ளை வந்து ஓசூருக்குக் கூட்டிப் போய்விடுவார். முகாமில் பெயர் இருந்தால் அதைச் சொல்லி அங்கேயும் பயிற்சிக்குப் போகலாம். இல்லையென்றால் வில்லை ஏறக்கட்டிவிட வேண்டியதுதான். இதை அவளேதான் சொன்னாள், பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டே, மோருக்கு உப்புக் காணாது என்று சொல்வது மாதிரி.

பீரோ மேலிருந்து வில்லை இறக்கினோம். பழைய சேலையில் சுற்றியிருந்தது. காம்பவுண்ட் வில்லை இவ்வளவு பக்கத்தில் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இரண்டு முனையிலும் சக்கரம், நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் கல்யாணம் செய்து வைத்தது போலிருக்கிறது. இன்று வேறொன்றும் செய்யவில்லை. தூசி துடைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

இழுக்க இழுக்கக் கனக்கிறது, உச்சியைத் தாண்டியதும் திடீரென்று லேசாகிவிடுகிறது. முழுக்க இழுத்து நிறுத்திப் பிடிக்கும்போது கால்வாசி எடைதான் கையில் நிற்கிறதாம். எதனால் என்று கேட்டேன். "சக்கரம் வட்டமா இல்ல மதினி, நல்லாப் பாருங்க" என்றாள். உண்மைதான். கோழி முட்டையைக் கைதவறி அமுக்கியது மாதிரி ஒரு வடிவம். யார் உட்கார்ந்து இதை யோசித்திருப்பார்கள்?

பைபாஸ் எடைமேடையில் பத்து வருஷமாக லாரிக்கு எடை போடுகிறேன். "பதினாறு டன்தான்க்கா" என்று டிரைவர் சொன்னால், முதலில் அவன் சக்கரமெல்லாம் மேடைக்குள்ளே நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். வாய் சொல்வது வேறு, எடை வேறு. அதனால் வில்லிலும் ஒட்டியிருந்த அட்டையை நம்பவில்லை. கழிவுப் பஞ்சு நிறுக்கும் கொக்கித் தராசை இரவல் வாங்கி வந்து நாணில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். முழுக்கத் தளர்த்தினால் நாற்பது பவுண்டு, அதாவது பதினெட்டு கிலோ. முழுக்க இறுக்கினால் ஐம்பது. அட்டை பொய் சொல்லவில்லை.

மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு. இரண்டையும் ஒரே அளவு திருக வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு பவுண்டு. திருகுகிற வேலை என்னுடையது என்று முடிவாகிவிட்டது. குனிந்து அழுத்தித் திருகினால் அவளுக்கு வயிற்றில் இழுக்கிறதாம்.

ஜூன் 15, ஞாயிறு

பழைய ஜின்னிங் மில்லின் பஞ்சுக் களம்தான் மைதானம். பிரிட்டோ சார் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே காலையும் மாலையும் இங்கே சொல்லிக்கொடுக்கிறார். உலகைப் பார்த்ததும், "வாம்மா, எத்தனை பவுண்டுல ஆரம்பிக்கப் போற?" என்றார்.

"முன்ன நாப்பத்தெட்டுல அம்பு விட்டேன் சார்."

"முன்ன விட்டத நான் கேக்கல."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தார். காலை முன்னால் நீட்டிக்கொண்டு, வில்லை நேரே பிடித்து, மெதுவாக இழுக்க வேண்டும். வில் மேலே எழும்பினால் அந்த எடை அவளுக்கு அதிகம் என்று அர்த்தம். வானத்தைப் பார்த்து இழுப்பது பெரிய குற்றமாம், கையில் மாட்டி நாணை விடுவிக்கிற விசை பாதியில் தட்டிவிட்டால் அம்பு சுவரைத் தாண்டிப் போய்விடும். நாற்பதில் உலகுக்கு வில் அசையவில்லை. நாற்பத்தாறில் அவள் கை கோபுரம் பார்த்தது. "நாற்காலி ஆடுது சார்" என்றாள். நாற்காலி ஆடவே இல்லை.

இன்னொரு விதி: அம்பு வைக்காமல் வெறும் நாணை விடவே கூடாது. விட்டால் வில் தெறித்துவிடும்.

ஜூன் 22, ஞாயிறு

நாற்பத்திரண்டு. ஒரு சுற்று.

உலகின் அம்மா, என் அத்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "பிள்ளை பெத்த உடம்புட்டி" என்று உலகைத் திட்டிக்கொண்டே சாயங்காலம் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்கிறார். திட்டும் நிற்கவில்லை, பிள்ளையை வாங்குவதும் நிற்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

திருகினது சரியாக இருக்கிறதா என்று யாராவது இழுத்துப் பார்த்தால்தானே தெரியும்? சாயங்காலம் உலகு போய் நின்றபிறகு தப்பென்று தெரிந்தால் அவளுக்கு அரைமணி நேரம் வீண். அதனால் காலையில் வேலைக்குப் போகும் வழியில் நானே களத்துக்கு வில்லை எடுத்துப்போனேன். பிரிட்டோ சாரிடம் சொன்னேன். "தாராளமா" என்றார். நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்.

முதலில் உச்சி வரைக்கும் வரவே இல்லை. நாலாவது தடவை, சக்கரம் உருண்டு, கையில் இருந்த கனம் சட்டென்று எங்கேயோ போய்விட்டது. நாண் மூக்கில் வந்து உட்கார்ந்தது. அந்த ஒரு நொடியில் களத்தில் சத்தமே இல்லாதது போலிருந்தது. பக்கத்தில் மில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அமைப்பு சரியாக இருக்கிறது. சோதனைக்கு ஆறு அம்பு விட்டேன். அதில் இரண்டு குறிப்பலகையில் பட்டது.

ஜூலை 1, செவ்வாய்

சோதனை. பன்னிரண்டு அம்பு.

ஜூலை 4, வெள்ளி

உலகு நாற்பத்துநாலுக்கு ஏற்றச் சொன்னாள். ஆனி ஆடிக் காற்று எங்கள் ஊரில் ஆளையே தள்ளும். எடை ஏறினால் அம்பு வேகமாகப் போகும், காற்றுக்கு அவ்வளவாக வளையாது. அவள் சொல்வது நியாயம்தான்.

காலையில் ஒரு சுற்று இறுக்கி நாற்காலியில் உட்கார்ந்து இழுத்தேன். முழங்கை உதறியது, வில் மேலே போனது. எனக்கே இப்படி என்றால் தையல் போட்ட வயிற்றுக்காரிக்கு எப்படி இருக்கும்? யோசித்தேன். திரும்ப ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டேன். அவள் தோள்தான் முக்கியம். சாயங்காலம் கேட்டாள். "ஏத்தியாச்சு" என்றேன்.

மஞ்சள் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். இந்த வீட்டில் முகத்துக்கு மஞ்சள் பூசுகிறவள் நான் ஒருத்திதான். அத்தை வெள்ளைச் சேலைக்கு மாறியதும் விட்டுவிட்டார். உலகு ஏதோ டியூபில் இருந்து பிதுக்கிக்கொள்கிறாள். என் ஒருத்திக்காகத்தான் குளியலறையில் மஞ்சள் உரசுகிற கல் கிடக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

நாற்பத்தாறு கேட்டாள். "ஆச்சு" என்றேன்.

இன்று ஒரு சங்கடம். உலகு மூன்று வருஷத்துக்கு முன்னால் எந்தெந்த எடைக்குக் குறி பார்க்கும் சைட் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு பட்டியில் குறித்து வில்லிலேயே ஒட்டியிருக்கிறாள். நாற்பத்தாறுக்கு என்று போட்டிருந்த கோட்டில் வைத்து எய்தாள். அம்பு பலகைக்கு முன்னாலேயே மண்ணில் குத்தியது. அடுத்ததும் மண்ணில். இதை நான் யோசிக்கவே இல்லை.

"நாண் பழசுல்லா, தளர்ந்திருக்கும்" என்றேன்.

உலகு என்னைப் பார்த்தாள். பிறகு சைட்டை இறக்கி வைத்தாள். "ஆமா மதினி, தளர்ந்திருக்கும்" என்றாள். மூன்றாவது அம்பு நடு வட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

நாண் நிஜமாகவே பழசுதான்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. விடியும் முன்பே குளித்து, கோவிலுக்குப் போய், அங்கிருந்து நேரே களத்துக்குப் போய், அப்புறம் எடைமேடைக்கு. கூட்டத்தில் அம்மனைச் சரியாகப் பார்க்க முடியவில்லை, களத்தில் நல்ல நேரம் கிடைத்தது. சோதனை திருப்தி. இப்போதெல்லாம் பலகை தவறுவதில்லை.

சாயங்காலம் உலகு நாணுக்கு மெழுகு தேய்க்கும்போது ஒன்றைக் கவனித்தேன். நாணில் ஓரிடம் மஞ்சளாகியிருக்கிறது. அவளும் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மெழுகு பழசானா நிறம் மாறுமாம்" என்றேன்.

"மாறும் மதினி" என்றாள். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மேலும் கீழும் தேய்த்தாள். அவள் வேலையில் எப்போதும் ஒரு அரைகுறை உண்டு.

ஜூலை 25, வெள்ளி

பருத்தி லாரிக்காரன் ஒருவன் இன்று பின்சக்கரத்தை மேடை விளிம்பில் வைத்துக்கொண்டு எடை போடச் சொன்னான். ஒரு சாண் வெளியே நிற்கிறது. "உள்ள வாங்கண்ணே" என்றால், "உள்ளதான்க்கா நிக்குது" என்கிறான். கண்ணெதிரே நிற்கிற சக்கரத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் மனசாரப் பொய் சொல்கிறார்களோ? இறங்கிப் போய்ச் சத்தம் போட்டேன். வீடு வந்து சேரும்வரை கோபம் ஆறவில்லை.

உலகு நாற்பத்தெட்டு கேட்டாள். "செஞ்சிருதேன்" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இழுக்கிற நீளத்தையும் மாற்றலாம் என்று பிரிட்டோ சார் காட்டினார். சக்கரத்தில் ஒரு சின்னத் தகடு, அதை ஒரு துளை தள்ளி மாட்டினால் அரை இஞ்ச் குறையும். நீளம் அதிகமானால் ஆள் பின்னால் சாய்ந்து நிற்க வேண்டியிருக்கும், கழுத்து வலிக்கும். உலகு கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அரை இஞ்ச் குறைத்தேன். இழுத்துப் பார்த்தேன். சட்டை தைத்துப் போட்டது மாதிரி அவ்வளவு கச்சிதம்.

சாயங்காலம் உலகு, "கை தாடைக்கு முன்னாலயே நின்னுருது, ஏன்னு தெரியல" என்றாள். பிறகு அவளாகவே, விசையை மாட்டுவதற்கு நாணில் கட்டியிருக்கும் கயிற்று வளையத்தை அவிழ்த்துக் கொஞ்சம் நீளமாகக் கட்டிக்கொண்டாள். கை பின்னால் வந்து சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது. நல்ல யோசனை. எனக்கு இது தோன்றியிருந்தால் தகட்டையே தொட்டிருக்க வேண்டாம்.

தகட்டைப் பழைய துளைக்கு மாற்றவில்லை. நேரமில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சின்னப் போட்டி மாதிரி நடத்தினார்கள். காற்று நாசமாக அடித்தது. உலகின் அம்புகள் உயரத்தில் எல்லாம் சரி, ஆனால் காற்று வீசியபோதெல்லாம் பக்கவாட்டில் போய்விட்டன. தூத்துக்குடிப் பெண்கள் இருவர் அவளைவிட நன்றாக எய்தார்கள்.

பிரிட்டோ சார், "என்ன எடைம்மா வச்சிருக்க?" என்று கேட்டார்.

"நாப்பத்தெட்டு சார்" என்றாள் உலகு, கண்ணைக்கூட இமைக்கவில்லை.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அம்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த அம்புகளையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

உலகுக்குக் காற்றில் பிழைக்க வேண்டுமென்றால் எடை வேண்டும். எடை ஏறிவிட்டது என்று நம்பிக்கொண்டு அவள் நிற்கிறாள். இன்னும் இரண்டு வாரம்கூட முழுசாக இல்லை. அவளுக்கு இருக்கிறது இந்த ஒரு தேர்வு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக மூன்று சுற்று இறுக்கினேன். நிஜமான நாற்பத்தெட்டு. கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தேன். நான் இழுத்துப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் வந்திருக்காது. உலகிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஏற்கெனவே ஏற்றிவிட்டேன் என்று சொன்னதைத்தானே ஏற்றியிருக்கிறேன்.

சாயங்காலம் லீவு சொல்லிவிட்டு நானும் களத்துக்குப் போனேன். உலகு அம்பைத் தொடுத்து வழக்கம்போல் இழுத்தாள். பாதியில் நின்றது. அவள் முகம் மாறியது. விட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தேன், விடவில்லை. பல்லைக் கடித்து வில்லைத் தூக்கி வானத்தைப் பார்த்து இழுத்தாள். "கீழ, கீழ!" என்று பிரிட்டோ சார் கத்துவதற்குள் விசை தட்டிவிட்டது. அம்பு பலகைக்கு மேலே, சுவருக்கு மேலே போய்விட்டது.

சுவருக்கு அந்தப்பக்கம் வெறும் கருவேலங்காடுதான். ஆனால் சாயங்காலம் ஆடு மேய்க்க வருவார்கள். சார் ஓடினார். நானும் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். முள் ஏறியது தெரியவில்லை. அங்கே யாரும் இல்லை. அம்பு ஒரு கருவேல மரத்தில் குத்தி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, மரத்தைப் பார்த்து அழுதேன்.

திரும்பி வந்தபோது உலகு களத்துப் படியில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சார் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு மட்டும் ஏன் மதினி சொன்னபடியே ஏத்துனீங்க?"

உள்ளங்காலில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"ஜூலையில அம்பு மண்ணுல போய்க் குத்துச்சே, அன்னைக்கே தெரியும். நாண் தளர்ந்தா அவ்வளவு தூரமா மதினி இறங்கும்?"

"தெரிஞ்சும் ஏன்ட்டி சும்மா இருந்த?"

"எனக்கு முடியல மதினி." இதைச் சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நாப்பத்திரண்டுதான் எனக்கு வருது. அதுக்கு மேல போனா வயித்துல தையல் போட்ட இடம் சுருக்குனு இழுக்கு. ஆனா அந்தப் பிள்ளைங்க முன்னால, சார் முன்னால, கொறைங்கன்னு என் வாயால எப்படிச் சொல்ல? ஏத்துங்க, ஏத்துங்கன்னு சொன்னேன். நீங்க ஏத்தல. வசதியாப் போச்சு. இன்னைக்கும் நாப்பத்திரண்டுதான் இருக்கும்னு நெனச்சு இழுத்துட்டேன்."

"உன் தோளுக்காகத்தான் உலகு நான்..." என்று சொல்ல வந்தேன்.

"மதினி." வில்லை எடுத்து என் மடியில் வைத்தாள். நாணில் அந்த மஞ்சள் இடத்தைக் காட்டினாள். "நான் மூஞ்சிக்கு மஞ்சள் பூசி எத்தனை வருஷமாச்சு?"

தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், ஒரு கைப்பிள்ளைக்காரியின் வில்லைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போய், அதை என் கைக்குத் தைத்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் முகம் எரிகிறது. இந்த டைரியில் 'சோதனை' என்று எழுதிய இடங்களையெல்லாம் இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். ஒரு வில்லுக்கு எதற்கு இத்தனை சோதனை?

"இனிமே தொட மாட்டேன். சத்தியமா" என்றேன்.

"ஐயய்யோ, அப்படிச் செஞ்சிராதீங்க." அவள் சிரித்துவிட்டாள். "இழுத்துப் பிடிக்கும்போது மூக்கு நுனி எப்பவும் ஒரே இடத்துல படணும். எனக்கு அதுதான் வரவே வராது. சார் வருஷக்கணக்காத் திட்டுவார். இப்ப மூக்குக்குக் கீழ மங்கலா அந்த மஞ்சள் தெரியுதுல்லா, அதுக்கு ஒரு விரல் மேல வைக்கேன். உயரத்துல அம்பு தப்புறதே இல்ல, கவனிச்சீங்களா?"

கவனித்திருக்கிறேன். காற்றைத்தான் குறை சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தது அதனால்தான்.

"பேனாவால ஒரு கோடு போட்டுக்கிட வேண்டியதுதானே?"

"போட்டுப் பாத்தேன். மெழுகு தேச்சா போயிருது. மஞ்சள்தான் நூலுக்குள்ள ஊறுது."

சார் தண்ணீரோடு வந்தார். உலகு எழுந்து அவர் முன்னாலேயே, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்: "மதினி, நாப்பத்திரண்டு வைங்க." அங்கிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். மேலே மூன்று சுற்று, கீழே மூன்று சுற்று தளர்த்தினேன். சார் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். வில் அசையாமல் வந்தது.

"இதை ஜூன் மாசமே கேட்டிருந்தா நானும் இப்படித்தாம்மா சொல்லியிருப்பேன்" என்றார் சார். "காத்துக்கு எடை மட்டுந்தானா மருந்து? நிதானமா நின்னு, காத்து அடங்குற வரைக்கும் பிடிச்சிருந்து விடணும். வசதியான எடைல ஒருத்தி எவ்வளவு நேரம் வேணும்னாலும் பிடிச்சு நிப்பா."

தகட்டைப் பற்றியும் சொல்லிவிட்டேன். "தெரியும், அதான் வளையத்த நீளமாக் கட்டுனேன். அது இருக்கட்டும்" என்றாள் உலகு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வில்லைத் தொடவில்லை. அவள் சொன்னாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காலையில் களத்து வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன், தலையைத் திருப்பாமல் போகிறேன்.

உலகு நன்றாக எய்கிறாள். அம்பைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்பார்த்து நிற்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி அவ்வளவு சாவகாசமாக நிற்கிறாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேர்வு. காலை ஐந்து மணிக்கே வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார், அத்தை பால்புட்டி, துண்டு, குடை என்று ஒரு மூட்டை கட்டிக்கொண்டார். நான் அம்புப் பெட்டி.

களத்தில் உலகு வில்லை எடுத்தாள், நாணைப் பார்த்தாள், முகம் சுண்டிப் போனது.

"மதினி, நேத்துவரை லேசாத் தெரிஞ்சுது, இன்னைக்கு மஞ்சளே இல்ல."

பார்த்தேன். ஆமாம். இத்தனை நாள் வெயிலில் நின்றதில் வெளுத்துப் போயிருக்கிறது. மஞ்சள் கறை வெயிலில் போகும் என்று துணி துவைக்கிற எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் தோன்றவில்லை.

"கிழங்கு வாங்கிட்டு வரச் சொல்லட்டா? உரசித் தேச்சுக்கோ."

"எந்த இடத்துல தேய்க்க? ஒரு நெல்லளவு மாறுனா எல்லாம் மாறிரும். உங்க மூஞ்சிதான் மதினி அளவு. பூசிட்டுத்தானே வந்திருக்கீங்க?"

பூசிக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆவணியில் வேறெந்த முகூர்த்தத்துக்கும் பூசாத அளவு பூசியிருந்தேன், நேர்த்திக்கடன் மாதிரி.

பயிற்சிக்கு என்று ஓரத்தில் ஒரு பலகை இருந்தது. சார் போய் நடுவர்களிடம் ஏதோ பேசினார். திரும்பி வந்து, "ஒரே ஒரு அம்பு" என்றார். மைதானத்தில் அத்தனை பேர். பின்னால் என் வீட்டுக்காரர், அத்தை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டில் போய் நின்றேன். இழுத்தேன். வில் கிட்டத்தட்ட நேராகவே வந்தது, உச்சி வந்தது, தாண்டியது, அந்த அமைதி வந்தது. நாணை மூக்கோடு நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டேன். நிறையவே அழுத்தினேன். பிறகு விட்டேன்.

நடுவில் விழவில்லை. மண்ணிலும் விழவில்லை.

"செண்பகம், நீயா?" என்றார் இவர், பிள்ளை கையிலிருந்து நழுவாத குறை. பக்கத்தில் நின்ற தூத்துக்குடிப் பெண் ஒருத்தி, "நீங்க எந்த கிளப்புக்கா?" என்று கேட்டாள். உலகுதான் முந்திக்கொண்டு, "எங்க மதினி" என்றாள், அது ஒரு கிளப் மாதிரி. வில்லை என்னிடமிருந்து வாங்கி, நாணைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பளிச்சென்று ஒரு கோடு.

மத்தியானம் வரை காற்று. மற்றவர்கள் சடசடவென்று எய்தபோது இவள் பிடித்துக்கொண்டே நின்றாள், சில அம்புக்குக் கடைசி நொடிவரை. நான் பலகையைப் பார்க்கவில்லை. அவள் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் மஞ்சளுக்கு ஒரு விரல் மேலே.

நாலாவது இடம். நாலு பேரைத்தான் எடுக்கிறார்கள். அத்தை அழுதார், பிறகு "பிள்ளைக்கு வெயில் தாங்காது, வாங்க போவோம்" என்று எங்களைத் திட்டினார்.

ஆகஸ்ட் 30, சனி

முகாமுக்குப் போய்விட்டார்கள். உலகு, மகிழன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அத்தை, அப்புறம் வில். கிளம்பும் முன்னால் உலகு வில்லைக் கொண்டுவந்து என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். இன்னொரு தடவை இழுத்துக் கொடுத்தேன். அம்பை விடவில்லை, மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினேன். விடுவதைவிட இறக்குவதுதான் கஷ்டம்.

பீரோ மேலே அந்தப் பழைய சேலை மட்டும் கிடக்கிறது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. எனக்குப் பிள்ளையை நினைத்தா இப்படி இருக்கிறது என்று இவர் கேட்டார். ஆமாம் என்றேன். பிள்ளையையும் நினைத்துத்தான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் களத்துக்குப் போனேன். கையில் ஒன்றும் இல்லாமல் போவதற்கு வெட்கமாக இருந்தது. பிரிட்டோ சார் கிளப்பின் பழைய வில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்கம்மா. இதைச் சரிபண்ணணும். யாருக்கு வைக்கட்டும், உலகு வந்தா எய்யவா?"

"இல்ல சார். எனக்கு."

அவர் தலையை ஆட்டினார். ஆச்சரியமே படவில்லை. திருகு சாவியை எடுத்துக்கொண்டார். "நாப்பத்திரண்டுதானே?"

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். இழுத்தேன். வில் ஒரு துளி மேலே எழும்பியது. அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"நாப்பது வைங்க சார்" என்றேன். "நாப்பத்திரண்டு எனக்குக் கொஞ்சம் கூடத்தான். ஜூன்ல இருந்தே கூடத்தான்."

மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. திரும்ப இழுத்தேன். நேராக வந்தது. சொன்ன எடை நாற்பது, போட்ட எடையும் நாற்பது.